குரங்குக் குல்லா போட்ட மூன்று குடித்தனக்காரர்கள்

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். காளிகாட்டில் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறாளே, அவள்மேல் ஆணை. ஒரு சொல் பொய்யாக இருந்தாலும், சொன்னவன் நாக்கும் அப்படியே வெளியே வந்து உள்ளே போக மறுக்கட்டும். இதற்கும் நம்பாதவர்கள் காளிகாட் மெட்ரோவில் இறங்கி, கோயில் பக்கம் திரும்பாமல் எதிர்ப்பக்கம் நடந்து, சங்கு வளையல் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவே நிற்கிற மஞ்சள் கட்டடத்துக்குள் நுழைந்து படியேறலாம். லிஃப்ட் கிடையாது. மூச்சு வாங்கினால் முதல் மாடியில் ஒரு பெஞ்சு இருக்கிறது; இரண்டாவது மாடியில் பெஞ்சு இருந்த இடம் இருக்கிறது. அதற்கும் மேலே, மூன்றாவது மாடியில், ‘நகரும் சொத்து அறிவிப்புப் பிரிவு’ என்று பலகை தொங்கும். இந்தக் கதை நடந்தது அங்கேதான்.

சின்னசாமிக்குச் சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். டாக்குரியா ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறையில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்து விற்றுக்கொண்டிருந்தார். கையில் ஒரே ஒரு குட்டியானை வண்டி. பின்பக்கம் தகரத்தால் கூண்டு கட்டி, கதவு வைத்து, நீலச் சாயம் அடித்தது. அதில்தான் மாவு காளிகாட் கடைகளுக்கும், ஜாதவ்பூரில் பரமசிவத்தின் மெஸ்ஸுக்கும் போகும். கடைகள் வாங்குவது கொசுறு. மெஸ்தான் சோறு. பல்கலைக்கழகத்துப் பையன்கள் அங்கே இட்லியை எண்ணித் தின்பதில்லை. அதனால் சின்னசாமி வீட்டிலும் அரிசியை எண்ணிப் போட வேண்டியதில்லை.

அவருக்கு இந்த வினையைத் தேடி வைத்தவர் வைத்தியநாதன். துறைமுகத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். நாள்தோறும் அரைப்படி மாவு வாங்க வருவார். ஒருநாள் பேப்பரை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு வந்தார்.

“ஓய் சின்னசாமி, சின்ன வியாபாரிகள் வண்டி வெச்சிருந்தா அதைச் சொத்துன்னு அறிவிக்கணுமாம். விதி வந்திருக்கு. நீர் அறிவிச்சாச்சோ?”

“இல்லீங்களே. யாரும் வந்து கேக்கலீங்க.”

“கேக்கறதுக்கு முந்தி சொல்லணும்ங்காணும். கேட்டப்புறம் சொன்னா அது வாக்குமூலம். கேக்காமலே சொன்னா அது விசுவாசம். ஆயுசு பூரா சர்க்கார் நாற்காலியில உக்காந்தவன் சொல்றேன், போயிட்டு வாரும்.”

சின்னசாமியின் மனைவி சரோஜா மாவை அளந்து ஊற்றிக்கொண்டே, “தூங்குற நாயை எதுக்குங்க தட்டி எழுப்போணும்?” என்றாள். பெண்பிள்ளை பேச்சு என்று இருவரும் சிரித்தார்கள். சின்னசாமி மறுநாளே படியேறினார்.

அங்கே தலைமை நாற்காலியில் இருந்தவர் சமாத்தார் பாபு. மெலிந்த மனிதர். மேசைக்கு அடியில் காலுக்கு இதமாக ஒரு மின்கணப்பு. மேசைக்கு மேலே தேநீர். இரண்டுக்கும் நடுவில் அவர். அவர் பேசியது வங்காளம். சின்னசாமி பேசியது, அவர் இந்தி என்று நம்பிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று. இருவருக்கும் புரிந்துவிட்டதால் இங்கே இரண்டும் தமிழாகவே இருக்கட்டும்.

“வண்டி எங்கே இருக்கிறது?” என்றார் சமாத்தார் பாபு.

“கீழே வாசல்ல நிக்குதுங்க.”

“அப்படியானால் காளிகாட் வார்டு.”

“ராத்திரி டாக்குரியாவுல நிக்குமுங்க.”

“அப்படியானால் டாக்குரியா வார்டு.”

“சாயங்காலம் ஜாதவ்பூர்ல மாவு எறக்கையில…”

சமாத்தார் பாபு பேனாவைக் கீழே வைத்தார். “மோஷாய், உங்களிடம் எத்தனை வண்டி?”

“ஒண்ணேதானுங்க.”

“ஒரு சொத்து எப்படி மூன்று இடத்தில் இருக்க முடியும்?”

“அது ஓடுமுங்க சார்.”

“சொத்து ஓடாது,” என்றார் அவர், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. “சொத்து வைத்திருப்பவர்தான் ஓடுவார். சரி, அடுத்த கேள்வி. வண்டியில் சொந்த உபயோகம் எவ்வளவு, வியாபார உபயோகம் எவ்வளவு? யார் யார் ஏறுகிறார்கள்?”

“முன்னால நானும் ஊட்டுக்காரியும். பின்னால மாவுங்க. வெள்ளிக்கிழமையானா அப்பிடியே கோயிலுக்கும் போயிட்டு வருவோம்.”

“முன்பாதி பக்தி, பின்பாதி வியாபாரம்.” எழுதிக்கொண்டார். “பிரேக் போடுகிறீர்களே, அது மனைவிக்காகவா, மாவுக்காகவா?”

சின்னசாமி நேர்மையானவர். நன்றாக யோசித்துவிட்டு, “குறுக்க வர்றவனுக்காகங்க,” என்றார்.

அந்தப் பதிலுக்கு அந்தப் படிவத்தில் இடமில்லை. சமாத்தார் பாபு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, “இது நேரில் பார்க்க வேண்டிய விஷயம். எங்கள் ஆய்வாளர் ஹால்தார் வருவார்,” என்றார்.

இந்த இடத்தில் மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கல்கத்தாவில் தை மாதக் குளிர் மனிதர்களுக்கு அப்படியொன்றும் பெரிதல்ல. ஆனாலும் ஊரே குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு திரியும். மாவுக்குத்தான் அது பெரிய குளிர். புளிக்காது, பொங்காது, அரைத்து வைத்த இடத்தில் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கும். இதற்கு வழி கண்டுபிடித்தவள் சரோஜா. மாவைக் கழுத்து குறுகிய மூன்று பால்கேன்களில் ஊற்றி, ரஜாய் என்கிற பழைய பஞ்சுப் போர்வையைத் தோள்வரை சுற்றி, மூடிக்குக் குளிர் படாமல் ஆளுக்கொரு குரங்குக் குல்லாவையும் மாட்டிவிடுவாள். மூன்றையும் வண்டிக் கூண்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தி, டாக்குரியா ஏரியோரச் சாலையில் வெயிலடிக்கும் பக்கமாக வண்டியை நிறுத்திவிட்டு வந்தால், தகரம் சூடேறி, பிற்பகலுக்குள் மாவு எழுந்து நிற்கும். பிறகு ஜாதவ்பூர். மூன்றாவது கேனுக்கு ரஜாய் போதாமல் சரோஜா தன் பூப்போட்ட புடவை ஒன்றைச் சுற்றியிருந்தாள்.

ஹால்தார் வந்த நேரம் சின்னசாமி டீ குடிக்கப் போயிருந்தார். ஹால்தார் கடமை தவறாதவர்; தாமும் குரங்குக் குல்லா அணிந்தவர். கதவைத் தட்டினார். பதில் இல்லை. மெதுவாகத் திறந்தார். உள்ளே வெதுவெதுப்பான இருட்டு. போர்வை போர்த்தி, குல்லா மாட்டி, தோளோடு தோள் சேர்த்து மூன்று பேர். பெருமூச்சு விடுகிற சத்தம். கொஞ்சம் புளித்த வாடை. வயதானவர்கள் இருக்கும் அறையில் அது இருப்பதுதான். “மாஃப் கோர்பேன்,” என்று மன்னிப்புக் கேட்டுக் கதவை மெல்லச் சாத்திவிட்டு, நுனிக்காலில் நடந்து போனார்.

அடுத்த நாள் ஏரியோரம் நின்ற வண்டியின் நான்கு சக்கரத்திலும் சிவப்பு நாடா சுற்றி அரக்கு வைத்திருந்தது. கண்ணாடியில் ஒரு நோட்டீஸ். சின்னசாமிக்கு வங்காள எழுத்து ஓடாது. பக்கத்துப் பான் கடைக்காரர் எட்டிப் பார்த்துப் படித்தார்.

“தாதா, உங்க வீட்டுக்கு வந்திருக்கு.”

“இது வண்டிப்பா.”

“வீடுன்னுதான் போட்டிருக்கு. கணவன் மனைவி மாதிரி தெரியுது, கூட இன்னொரு முதியவர். மூணு பேர் குடியிருக்கிற வீடு. வீட்டை ஒரு வார்டிலேர்ந்து இன்னொரு வார்டுக்கு நகர்த்தக் கூடாதாம்.”

சின்னசாமி படியேறினார். இந்தமுறை பெஞ்சில்கூட உட்காரவில்லை.

“சார், அதை எப்பிடிங்க வீடுன்னு எழுதிட்டீங்க?”

“சுவர் நான்கு. கூரை ஒன்று. கதவு ஒன்று. உள்ளே கதகதப்பு. நிம்மதியாகத் தூங்கும் பெரியவர்கள்,” என்றார் சமாத்தார் பாபு. “இவ்வளவு வசதி என் வீட்டிலேயே இல்லை. என் மனைவியின் அண்ணன் வந்ததிலிருந்து நான் பால்கனியில் படுக்கிறேன்.”

“அவங்க ஆளுங்களே இல்லீங்க சார்!”

“எல்லா வீட்டுக்காரரும் தம் குடித்தனக்காரரைப் பற்றி இதைத்தான் சொல்கிறார்கள்.”

“மாவுங்க! இட்லி மாவு! ஹால்தார் சார் தட்டுனப்ப பதில் சொன்னாங்களா?”

“என் மைத்துனரும் பதில் சொல்வதில்லை. அதற்காக அவர் மாவு ஆகிவிடுவாரா? மூச்சு விட்டார்கள் என்று ஹால்தார் எழுதியிருக்கிறார்.”

“அது புளிச்சுப் பொங்குற சத்தமுங்க.”

சமாத்தார் பாபு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “பாருங்கள் மோஷாய். நீங்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் ஹால்தார் எழுதியது பதிவாகிவிட்டது. உண்மை என்பது நாளைக்கு மாறும், பதிவு மாறாது. அதனால்தான் உலகத்தில் எதையாவது நம்ப முடிகிறது. அறிக்கையைத் திருத்த உங்களுக்கு உரிமை இல்லை. குடியிருப்பவர்களே நேரில் வந்து ‘நாங்கள் குடியிருக்கவில்லை’ என்று சொன்னால் பரிசீலிப்போம்.”

“அதுவரைக்கும் கேனையாவது வெளிய எடுத்துக்கட்டுங்களா?”

சமாத்தார் பாபுவின் முகம் கறுத்தது. “முன்னறிவிப்பில்லாமல் முதியவர்களைத் தெருவில் தள்ளுவதா? இந்தக் குளிரில்? கல்கத்தாவில்?”

ஆக, கேன் வண்டியைவிட்டு இறங்கக் கூடாது. வண்டி இடத்தைவிட்டு நகரக் கூடாது. சின்னசாமி படியிறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார்.

விஷயத்தைக் கேட்ட வைத்தியநாதன் நாக்கைச் சப்புக் கொட்டினார். “தப்பு உம்ம பேர்லதான். கேக்காமலே சொல்லணும்னு சொன்னேனோல்லியோ? கேனை ஏன் ஃபார்ம்ல காமிக்கலை நீர்?”

“கேனுக்குன்னு கேள்வி இல்லீங்களே சாமி.”

“கேள்வி இல்லேன்னா என்ன? பதிலை எழுதி வெச்சுட்டா கேள்வியை அவா போட்டுக்குவா.”

வேறு வழியில்லை. சரோஜா வீட்டிலிருந்த பாத்திரங்களில் மாவு அரைத்து வைத்தாள். வெயில் எட்டிப் பார்க்காத அறை, மாவு அசையவில்லை. அதையே சின்னசாமி இரண்டு தூக்குகளில் எடுத்துக்கொண்டு டாக்குரியாவில் ரயிலேறினார். ஜாதவ்பூர் அடுத்த நிலையம்தான். ஆனால் அந்த ரயிலில் ஏறுகிறவன் எந்த நிலையத்தில் இறங்குவது என்பதைக் கூட்டம்தான் முடிவு செய்யும். பாதி மாவு ஒரு பேராசிரியரின் கோட்டிலும், மீதி மெஸ்ஸிலும் இறங்கின.

பரமசிவம் நாங்குநேரிக்காரர். இட்லித் தட்டைத் திருப்பித் தட்டினார். இட்லி விழுந்து உருண்டு சுவரில் முட்டி நின்றது.

“அண்ணாச்சி, இது என்ன? இட்லியா? ஹௌரா பாலத்துல ஒரு ஆணி கழண்டா இதை வச்சு அடிக்கலாம் போலிருக்கே!”

“வண்டியைப் புடிச்சு வச்சுட்டாங்க பரமசிவம். மாவு எழும்பல.”

“வண்டி வண்டிங்கியோ. பயலுவ என் தலையில இல்லா தட்டுதான்? பாக்கெட் மாவுக்காரன் தெனம் வந்து நிக்கான். நான் உங்க மொகத்துக்காவ வேண்டாம்னுட்டு இருக்கேன்.” கொஞ்சம் இறங்கி வந்தார். “சனிக்கெழம வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல என்னையக் குத்தஞ் சொல்லப்படாது.”

வெள்ளிக்கிழமைக்கு விசாரணை வாங்கினார் சின்னசாமி. அதற்குள் செய்தி ஏரிப் பக்கத்து இளைஞர் கிளப்புக்குப் போய்விட்டது. கேரம் போர்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து வந்தார்கள். மூன்று முதியவர்களை ஒரு மதராஸி தகரக் கூண்டில் அடைத்து வைத்திருக்கிறான் என்று ஒரு கட்சி; மூன்று முதியவர்களை அரசாங்கம் தெருவில் தள்ளப் பார்க்கிறது என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் சேர்ந்து வண்டிக்கு முன்னால் நின்று, “சோல்பே நா! சோல்பே நா!” என்று முழங்கின. ‘நடக்காது’ என்று பொருள். அந்த ஊரில் காலை வணக்கத்துக்கு அடுத்தபடி அதிகம் புழங்கும் சொல். எது நடக்காது என்பதைச் சாயங்காலக் கூட்டத்தில் முடிவு செய்வதாக இருந்தார்கள்.

கிளப்பில் குளிர்காலக் கம்பளி வழங்கும் விழா ஒன்று வழக்கம். இந்த வருஷம் அதை வண்டியடியிலேயே வைத்தார்கள். ஒலிபெருக்கி வந்தது. செயலாளர் ஒவ்வொரு கேனுக்கும் ஒரு புதுக் கம்பளி போர்த்தி, குனிந்து, புகைப்படம் எடுத்துக்கொண்டார். பூப்போட்ட புடவையைச் சித்தி முறைவைத்து “மாசிமா” என்றார். மற்ற இருவரும் சித்தப்பா முறை, “மேசோமொஷாய்”. ஒருவரும் நன்றி சொல்லாததைக் கண்டு, “பாவம், எவ்வளவு பயந்துபோயிருக்கிறார்கள்!” என்று கண் கலங்கினார்.

“இத்தனை கண்ணு இருக்குதே, ஒண்ணுக்காச்சும் மூடி தெரியலியா?” என்றாள் சரோஜா.

“கிட்டப் போயித்தான் போர்த்துனாங்க. தெரிஞ்சிருக்கோணும்,” என்றார் சின்னசாமி. “தெரிஞ்சா கம்பளியைத் திருப்பி எடுத்துட்டுப் போவோணுமில்ல.”

உள்ளே கிடந்த மாவு பட்டினியால் செத்துவிடுமே என்று சரோஜா தினமும் கூண்டைத் திறந்து புது மாவு கொஞ்சம் ஊற்றி வந்தாள். குடித்தனக்காரருக்குச் சாப்பாடு போடக் கூடாது என்று விதி இல்லை. கிளப் ஆட்கள் தள்ளி நின்று பார்த்து, “அண்ணிக்கு எவ்வளவு பாசம்! சொந்த மருமகள்கூட இப்படி ஊட்ட மாட்டாள்,” என்று சொல்லிக்கொண்டார்கள். கேன்கள் கழுத்துவரை நிறைந்தன.

வெள்ளிக்கிழமை மஞ்சள் டாக்சி பிடித்தார்கள். டிரைவர் பின்னால் திரும்பிப் பார்த்து, “அஞ்சு பேரா? ஏத்த முடியாது தாதா, போலீஸ் பிடிக்கும்,” என்றார்.

“ரெண்டு பேர்தானுங்க.”

டிரைவர் மூன்று குல்லாக்களையும் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, “எந்த ஆஸ்பத்திரி?” என்றார்.

மூன்று கேன்களையும் ஒவ்வொன்றாக மேலே தூக்கினார்கள். முதல் மாடி பெஞ்சில் மாசிமாவை உட்கார வைத்துவிட்டு மற்ற இருவரையும் கொண்டுபோனார்கள். சின்னசாமியின் முதுகு பிடித்துக்கொண்டது. ஆனால் மனம் லேசாக இருந்தது. மூடியைத் திறந்து காட்டினால் முடிந்தது வேலை, நாளை சனிக்கிழமை, மாவு ஜாதவ்பூர் போய்விடும். மூன்றாவது மாடியில் நுழையும்போது அவர் சிரித்துக்கொண்டுகூட இருந்தார்.

முதியவர்களுக்கென்று கணப்பின் அருகே மூன்று நாற்காலிகள் போட்டிருந்தது. கேன்கள் அமர்ந்தன. ஹால்தார் அவற்றுக்கு வணக்கம் சொன்னார். சமாத்தார் பாபு தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

“பெரியோர்களே! இந்தப் பிரிவைப் பற்றி வெளியே தவறாகப் பேசுகிறார்கள். மக்களுக்குத் தொல்லை கொடுக்கிறோமாம். நாங்கள் இல்லாவிட்டால் மக்கள் எங்கே போவார்கள்? வீட்டில்தானே இருப்பார்கள்? இந்த மூன்றாவது மாடிக்கு ஒருநாளில் எத்தனை பேர் வருகிறார்கள், தெரியுமா? ஒருவர் பிரச்சினைகூட இங்கே தீர்க்கப்படாமல் விடப்பட்டதில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவரையும் நாங்கள் மறந்ததில்லை. ஒருமுறை வந்தவரை மறுபடி வரச் சொல்லாமல் அனுப்பியதே இல்லை. நான் இங்கே சேர்ந்தபோது ஒரு படிவம்தான் இருந்தது. இன்று அலமாரி மூடவில்லை. இதற்குப் பெயர் வளர்ச்சி இல்லையென்றால் வேறு எதற்கு?” உட்கார்ந்தார். “சரி. முதல் குடித்தனக்காரர். பெயர்?”

மௌனம்.

“சொல்ல விரும்பவில்லை என்று எழுதுங்கள் ஹால்தார். வயது?”

சரோஜாவுக்குப் பொறுமை போயிற்று. “ஏனுங்க, அந்தக் குல்லாவைக் கழட்டிப் போடுங்க. மூடியைத் தொறந்து காட்டுங்க!”

“தொடாதீர்கள்!” என்றார் சமாத்தார் பாபு. “விசாரணை நடக்கும்போது வீட்டுக்காரர் குடித்தனக்காரர்மேல் கை வைக்கக் கூடாது.”

யாரும் கை வைக்கவில்லை. வைக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. கழுத்துவரை தின்ற மாவு, அதன்மேல் ரஜாய், அதன்மேல் கிளப் கம்பளி, போதாததற்குச் சர்க்கார் கணப்பு. முதல் மேசோமொஷாயின் தலை மெல்ல நிமிர்ந்தது. குல்லா அங்குலம் அங்குலமாக உயர்ந்தது. நல்ல குடும்பத்தில் பிறந்தவரான சமாத்தார் பாபு தாமும் பாதி எழுந்து, “போஷுன், போஷுன், உட்கார்ந்தே பேசலாம்,” என்றார்.

அவர் உட்காரவில்லை. மூடி ஒருபக்கம் சாய்ந்தது. வெள்ளை வெளேரென்று மாவு கழுத்தில் வழிந்து, கம்பளியில் இறங்கி, மேசைமேல் ஏறியது. முத்திரை மைப்பெட்டிக்குள் போனது. நீலமாக வெளியே வந்தது. அதற்குள் மற்ற இருவரும் வாய் திறந்துவிட்டார்கள். மாசிமாதான் அதிகம் பேசினாள். அலமாரிவரைக்கும் போய், மூடாத கதவுக்குள் நுழைந்தாள்.

சரோஜா ஹால்தாரின் கையைப் பிடித்து இழுத்து மாவில் ஒரு விரலை வைத்தாள். “நக்கிப் பாருங்க சார். இது ஆளா, மாவா, நீங்களே சொல்லுங்க!”

ஹால்தார் நக்கிப் பார்த்தார். அவர் கண் சுருங்கியது. “டோக்,” என்றார். “புளிப்பு சார். நல்லாயிருக்கு.”

“சாட்சியை ருசி பார்க்க விதியில் இடமில்லை,” என்றார் சமாத்தார் பாபு. வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். மாவு போகவில்லை. அப்படியே மாட்டிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

“குடித்தனக்காரர் மூவரும் தங்கள் படுக்கையோடு அந்த வீட்டைவிட்டுத் தாமாகவே கிளம்பி வந்துவிட்டார்கள். ஆகவே அந்த வீடு காலி. காலியான வீட்டுக்குச் சக்கரம் இருந்தால் அது வண்டி. எடுத்துக்கொள்ளுங்கள்.”

சின்னசாமி கையெடுத்துக் கும்பிட்டார். அவருக்கு அழுகை வந்தது. கேன்களைத் தூக்கக் குனிந்தார்.

“அவர்களை எங்கே கொண்டுபோகிறீர்கள்? சாட்சிகள் முன்னிலையில் இங்கே வந்து, உட்கார்ந்து, பரவியும் விட்டார்கள். இனி அவர்கள் எங்கள் குடித்தனக்காரர்கள்.” சொன்ன பிறகுதான் சமாத்தார் பாபுவுக்கே அது உறைத்தது. ஆள் குடியிருந்தால் அலுவலகமும் வீடு. வீடென்றால் அறிவிக்க வேண்டும். இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு வாசலை நோக்கிப் போன சின்னசாமியைத் தணிந்த குரலில் கூப்பிட்டார்.

“மோஷாய்… இந்த முதல் கேள்விக்கு நீங்கள் என்ன எழுதினீர்கள்?”

சனிக்கிழமை காலையில் ஏரியோரம் நாடா அறுந்தது. கேன் இல்லை, அக்கம்பக்கத்தில் குடம், அண்டா, குக்கர் என்று கிடைத்ததை இரவல் வாங்கி மாவு ஊற்றி, வீட்டிலிருந்த போர்வைகளை அவற்றுக்குப் போர்த்தி, வண்டியை வெயிலில் நிறுத்தினாள் சரோஜா. அன்றைக்கு மாவு எழுந்த எழுச்சியைப் பார்த்தால் அதற்கும் விஷயம் தெரியும்போல இருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் முன்னால் உட்கார்ந்து ஜாதவ்பூருக்குப் போனார்கள். அந்த பிரேக் யாருக்காக என்று சின்னசாமிக்கு ஒருமுறை நினைவு வந்தது.

மெஸ் வாசலில் பரமசிவம் நின்றிருந்தார். வண்டியைப் பார்த்ததும் அவர் முகம் மலரவில்லை. உள்ளே பையன்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. பின்கட்டில் வெட்டிப் போட்ட பிளாஸ்டிக் பாக்கெட்டுகள் குவிந்து கிடந்தன.

“சனிக்கெழமைன்னு சொன்னீங்களே பரமசிவம். இன்னிக்கு சனிக்கெழமைதான?”

“சொன்னேன் அண்ணாச்சி. நேத்தைக்கு மாவு ஒரு சொட்டு இல்ல. நீங்க ஆபீசுல இருக்கியோ. பயலுவ தட்டைப் போட்டு அடிக்கான். என்ன செய்யச் சொல்லுதியோ?” தரையைப் பார்த்தார். “ஒரு பய கேக்கல, அண்ணாச்சி. மாவு மாறிட்டேன்னு ஒரு பய கேக்கல. இத்தன வருசமா தின்னவனுவ. அதான் எனக்கு மனசே ஆறல. இனிமே நான் என்ன சொல்லி அந்தப் பாக்கெட் மாவுக்காரனை நிறுத்த?”

சரோஜா கூண்டைத் திறந்து ஒரு குடத்து மாவை எடுத்து அடுப்பங்கரைத் திட்டில் வைத்தாள். “நீங்க சாப்புடறதுக்கு வச்சுக்கங்கண்ணா,” என்றாள். பிறகு வண்டியில் ஏறிக்கொண்டாள்.

திங்கட்கிழமை சின்னசாமி மறுபடி படியேறினார். மூன்றாவது மாடியில் வாடை வாசலுக்கே வந்து வரவேற்றது. கேன்கள் மூன்றும் கணப்பின் அருகே, தங்கள் நாற்காலிகளில் இருந்தன. யாரோ குல்லாவைச் சரிசெய்து விட்டிருந்தார்கள். ஹால்தார் மாசிமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“சார், மெஸ்ஸு போயிருச்சுங்க,” என்றார் சின்னசாமி. “யாவாரத்துக்கு வண்டி இனித் தேவைப்படாது. என் பேரை எடுத்துப் போடுங்க.”

“எடுப்பதா?” சமாத்தார் பாபு வருத்தத்தோடு தலையசைத்தார். “வியாபாரத்துக்குப் பயன்படும் வண்டியென்றால் வருஷத்துக்கு ஒருமுறை அறிவித்தால் போதும். பயன்படாத வண்டி, பயன்படவில்லை என்பதை நாள்தோறும் அறிவிக்க வேண்டும். எந்த நாளில் பயன்பட்டுவிடும் என்று யாருக்குத் தெரியும்?”

சின்னசாமி சட்டைப் பையில் கையை விட்டார். “வேண்டாமுங்க சார். இதுக்கு வரி எவ்வளவோ சொல்லுங்க. கடன் வாங்கியாவது ஒரேயடியாக் கட்டிப்போட்டுப் போயர்றேன்.”

“வரியா?” சமாத்தார் பாபு உண்மையிலேயே திகைத்தார். ஹால்தாரைப் பார்த்தார். ஹால்தார் பேப்பரை இறக்கினார். “வண்டிக்கு ஏது மோஷாய் சொத்துவரி? அப்படி ஒன்று கிடையாதே. இது அறிவிப்பு மட்டும்தான். வரி கட்டுகிறவன் கட்டிவிட்டுப் போய்விடுவான். அறிவிக்கிறவன்தான் திரும்பத் திரும்ப வருவான். எங்களுக்கும் மனிதர்கள் வேண்டாமா?”

சின்னசாமி சட்டைப் பையிலிருந்து கையை எடுத்தார். நான்காவதாக ஒரு நாற்காலி காலியாக இருந்தது. கணப்பின் சூடு அங்கே நன்றாக வந்தது. அதில் உட்கார்ந்து, வண்டி இன்றைக்கும் பயன்படவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார். அன்றிலிருந்து தினமும் காலையில் அந்த நீல வண்டி மஞ்சள் கட்டடத்தின் வாசலில் வந்து நிற்கிறது. சரோஜா முன்பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். சின்னசாமி படியேறுவார்; முதல் மாடி பெஞ்சில் கொஞ்சம் உட்கார்வார்; இரண்டாவது மாடியில் பெஞ்சு இருந்த இடத்தில் கொஞ்சம் நிற்பார்; பிறகு மேலே போவார்.

நம்பாதவர்கள் எண்ணிப் பார்க்கலாம்: அந்தக் கட்டடத்துக்கு மாடி இரண்டுதான்.